கதையில் இல்லாத டாக்டர்

தடித்த புத்தகத்தைப் படுத்துக்கொண்டு படித்தால் கை வலிக்கும். நான் சுருக்கப் பதிப்பு வாங்கியதற்குக் காரணம் அவ்வளவுதான் மேடம்.

படிப்பைப் பாதியில் விட்டவன் நான். குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. என் மனைவிக்குப் பகலில் தையல் கம்பெனி. அவள் உள்ளே வர, நான் வெளியே போக, நடுவில் ஒரு காபி நேரம். பேச எதுவும் மிஞ்சாதபோது அவள்தான் சொன்னாள், இருவரும் ஒரே நாவலைப் படித்துவிட்டு அதைப் பற்றிப் பேசலாம் என்று. அவள் கம்பெனி நூலகத்தில் எடுத்து மதிய இடைவேளையில் அங்கேயே படித்தாள். நான் பஸ் நிலையக் கடையில் வாங்கினேன். தலைப்பு ஒன்றுதான்.

"அதுக்குள்ள முடிச்சாச்சா? படிச்சீங்களா, முழுங்கினீங்களா?" என்று சிரித்தாள்.

நன்றாகத்தான் போனது. ஒரு நாள், "அந்த டாக்டரை நினைச்சாதான் பாவமா இருக்கு" என்றாள்.

"எந்த டாக்டர்?"

"கதையில வர்றவன்தான், வேற யாரு? காலை இழுத்து இழுத்து, மழையில நனைஞ்சுக்கிட்டு அவளைப் பார்க்க வர்றானே."

அவள் குளிக்கப் போனதும் என் புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினேன். டாக்டர் இல்லை. மழைகூட இல்லை.

நான் கூச்சல் போடுகிறவன் அல்ல. தினமும் விசாரித்தேன்: டாக்டர் வந்தானா, என்ன சொன்னான்? தினமும் சொன்னாள், முகம் மலர்ந்து. அவள் கம்பெனிக்கு எதிரே ஒரு கிளினிக் உண்டு. போய் நின்று பார்த்தேன். அங்கிருந்த டாக்டர் நேராகத்தான் நடந்தார். கால் விஷயத்தை அவள் வேண்டுமென்றே மாற்றிச் சொல்லியிருக்கிறாள் என்று புரிந்தது.

பிறகு ஒரு மாலை கண் சிவக்க வந்தாள். "டாக்டர் ஊரை விட்டே போறான். கூட வான்னு கூப்பிடுறான். புருஷன் ஒரு கல்லு. நானா இருந்தா போயிருப்பேங்க."

அன்று காபியை நான் போட்டேன். பகல் தூக்கத்துக்கு எனக்கு எழுதிக்கொடுத்த மாத்திரைகள் நிறைய மீதி இருந்தன. "கசக்குதே, சர்க்கரை போட மறந்துட்டீங்களா?" என்றாள். நான் போட்டது என்பதால் மிச்சம் வைக்காமல் குடித்தாள். அவள் தூங்கியதும் தலையணையை எடுத்தேன். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. பிறகு கிடங்குக்குக் கிளம்பினேன். தாமதமாகவில்லை.

இப்போது அவள் தையல் மேஜையிலிருந்து இந்தத் தடிப் புத்தகத்தை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். பாதிக் கதையே டாக்டர்தான் என்கிறீர்கள். அடையாளத்துக்கு அவள் வைத்த நூல்துண்டுக்கு அடுத்த அத்தியாயத்தில், கதாநாயகி ரயிலடி வரை போய்விட்டுப் புருஷனிடமே திரும்பிவிடுகிறாள் என்கிறீர்கள். இருக்கலாம். என் புத்தக அட்டையிலும் 'சுருக்கம்' என்று போட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சுருக்குகிறவர்கள் விவரம் தெரிந்தவர்கள். தேவையில்லாததைத்தானே எடுத்திருப்பார்கள்?

படித்துப் பார் என்று என் பக்கம் தள்ளுகிறீர்கள். வேண்டாம் மேடம். கதை எனக்குத் தெரியும்.