ஏழாவது தீவின் கதவு

சின்தே: அந்தப் பாறை ஓரம் போகாதீங்க அக்கா, நண்டு கடிச்சுச் செத்துருவீங்க... ப்ச், போயிட்டீங்க.

ஹேரிம்: போயிட்டேன். கடிக்கலையே.

சின்தே: கடிக்கும். மூணாவது தீவுல எல்லாரையும் கடிக்கும். அது... இருங்க. திரையில உங்க உயிர் குறையாம ஏறுதே?

ஹேரிம்: பாறைக்குப் பின்னாடி ஒரு ஊத்து இருக்கு. அதுல நின்னா ஏறுது போல.

சின்தே: ஊத்தா? பதினோரு வருஷமா, கேம் மேப் கட்டுற எங்க குழுவே இந்த மேப்பத் தோண்டிக்கிட்டு இருக்கு. ஒருத்தரும் ஊத்துன்னு சொன்னதில்ல.

ஹேரிம்: சும்மா முட்டிப் பாத்தேன் தம்பி. சில பேருக்கு வாசம் படும்.

சின்தே: பூசான்காரங்களுக்கு மீன் வாசம்தான் படும்னு நெனச்சேன்.

ஹேரிம்: இந்த டேகு ஊர்க்காரங்களுக்கு வாய் நீளம்னு ரயில்லயே சொன்னாங்க. விளக்க ஏத்து, மூணாவது எரியட்டும்.

உக்சூ: கைய எடுங்க, சூடா இருக்கு. ராமியன் நூடுல்ஸ் ரெண்டு. முட்டை யாருக்கு?

சின்தே: அக்காவுக்கு. உக்சூ அண்ணே, இவங்கதான் ஹேரிம் அக்கா. குழுவுல நான் எழுதினதப் படிச்சுட்டு பூசான்லேர்ந்து வந்திருக்காங்க.

உக்சூ: இவன் எழுதினத நம்பியா? இந்த கேம் கடைய நடத்துற நானே நம்பல. ஏழாவது தீவுல கதவு திறந்துச்சாம். அதுவும் என் கடையில, இந்த சீட்லயாம்.

ஹேரிம்: திறந்திருக்கலாம்ல.

உக்சூ: எப்படித் திறந்துச்சுடான்னு கேட்டா வாயில கொழுக்கட்டைய வெச்சுக்கிறான். நான் கேட்டேன், என் பொண்டாட்டி கேட்டா, தரை துடைக்க வர்ற அம்மா கூடக் கேட்டுச்சு.

சின்தே: அந்தம்மா கதவச் சொல்லல அண்ணே. கழிப்பறைக் கதவு ஏன் திறக்கலன்னு கேட்டாங்க.

உக்சூ: பேச்ச மாத்தாத. நானும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுட்டு அந்தக் கதவு முன்னாடி நின்னவன்தான். வெள்ளாடு மொத்தத்தையும் ஓட்டிட்டு வந்தா திறக்கும்னாங்க, ஓட்டினேன். புத்தாண்டுக் காலையில நின்னா திறக்கும்னாங்க, வீட்டுல பண்டிகைச் சூப்பு ஆறிப்போக நின்னேன்.

ஹேரிம்: வெள்ளாடு எதுக்கு?

உக்சூ: இந்த மேப்பக் கட்டின உப்புத்தவளை ஆடு வெச்சிருக்கான்னா காரணம் இல்லாமலா வெப்பான்?

ஹேரிம்: பாக்க நல்லா இருக்கும்னு வெச்சிருக்கலாம்.

உக்சூ: நீங்க புதுசு. அவன் ஒரு புல்லக் கூடச் சும்மா வெக்க மாட்டான். சம்பளம் இல்ல, சொந்தப் பேரு கூடப் போடல. ஊரே அடிச்சுக்கிட்டுச் சாகுற போர் கேமுக்குள்ள, ஒரு குத்து வெட்டு இல்லாம ஏழு தீவு கட்டியிருக்கான். தீவுக்கு ஒரு விளக்கு. எல்லாத்தையும் ஏத்திட்டு வீட்டுக்குப் போகணும். அவ்வளவுதான் கதை. கட்டி ஊருக்கு எறிஞ்சுட்டு ஆளே காணாமப் போயிட்டான். பெரிய மூளைக்காரன் அவன்... என்னாச்சு?

ஹேரிம்: ஒண்ணுமில்ல... காரம்.

சின்தே: தண்ணி குடிங்க அக்கா.

உக்சூ: காரத்துக்கே அழுதா ஏழாவது தீவுக்கு எப்படிப் போவீங்க. டேய், இவங்களயாவது ஏமாத்தாம அனுப்பு. கல்லாவுல ஆள் நிக்குது, வர்றேன்.

சின்தே: நாலாவது தீவு. பாலத்துல நான் முன்னாடி போறேன்.

ஹேரிம்: பலகை ரெண்டு ரெண்டா விழும், ஓரமாவே போ. உன்ன ஏன் குழுவுல அவ்வளவு திட்டியிருக்காங்க?

சின்தே: கதவு திறந்துச்சுன்னு எழுதினேன்ல, படம் போடுன்னாங்க. இல்லன்னேன். பொய்யன்னு சொல்லிட்டாங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நிரூபிக்கலன்னா குழுவ விட்டு எடுத்துடுவாங்க.

ஹேரிம்: எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க. வேற குழு இல்லையா?

சின்தே: என் மேப் எல்லாம் அங்கதான் போட்டேன் அக்கா. முதல் மேப்புல ஆளு சுவத்துக்குள்ளயே மாட்டிக்கிட்டான். அதையும் நாப்பது பேர் விளையாடிட்டு, எங்க மாட்டுதுன்னு எழுதி அனுப்புனாங்க. ராணுவத்துல இருந்தப்போ லீவு கெடச்சா மத்தவன் பொண்ணப் பாக்கப் போவான், நான் இங்க வந்து உக்காருவேன். அந்தக் குழுவ விட்டா எனக்கு ஆளே கிடையாது.

ஹேரிம்: அப்போ நிரூபிச்சுடு.

சின்தே: அதுல ஒரு சிக்கல்...

ஹேரிம்: என்ன?

சின்தே: பலகை. பலகையப் பாருங்க... தாண்டிட்டீங்க. கீழயே பாக்காம தாண்டுறீங்க.

ஹேரிம்: பேச்ச மாத்துறதுல உக்சூ அண்ணன் சொன்னது சரிதான்.

சின்தே: நீங்க என்ன வேலை பாக்குறீங்க?

ஹேரிம்: பல் டாக்டர்கிட்ட. வாயத் திறக்க மாட்டேன்னு வர்றவங்களத் திறக்க வைக்கிற வேலை. சொல்லு, கட்டினவரையே தேடிப் பிடிச்சுக் கேட்டா என்ன?

சின்தே: தேடாமலா? நான்தான் உப்புத்தவளைன்னு மூணு பேர் வந்தாங்க. அசல் ஃபைலக் காட்டுன்னோம். மூணு பேரும் ஓடிட்டாங்க.

ஹேரிம்: அசல் ஃபைல்னா?

சின்தே: மேப்பக் கட்டி முடிச்சதும் பூட்டுவோம். பூட்டிட்டா விளையாட மட்டும்தான் முடியும், மேப் கட்டுற எடிட்டர்ல திறந்து பாக்க முடியாது. கட்டினவங்களே திறக்க முடியாது. அதனால பூட்டாத ஃபைலத் தனியா வெச்சுக்கணும். அதான் அசல். அது இருந்தா அவங்க மேப்புன்னு அர்த்தம். ஏன் சிரிக்கிறீங்க?

ஹேரிம்: சிரிக்கல. தனியா வெக்காம விட்டுட்டா?

சின்தே: அப்படியும் சில கூமுட்டைங்க உண்டு. பூட்டின ஃபைல அசல் மேலயே அதே பேர்ல சேமிச்சுடுவாங்க. சாவிய வீட்டுக்குள்ள வெச்சுட்டு வெளியில பூட்டுன மாதிரி. மூணு பேர்ல ஒருத்தன் அந்தக் கதையத்தான் சொன்னான். அசல் அழிஞ்சு போச்சு, நம்புங்கன்னு. ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தான்.

ஹேரிம்: நீங்க நம்பல.

சின்தே: உப்புத்தவளை அப்படி ஒரு தப்பப் பண்ணுவாரா? ஊத்து எங்க, பாறை எங்கன்னு பாத்துப் பாத்துக் கட்டினவரு.

ஹேரிம்: பதினஞ்சு வயசுப் பிள்ளைன்னா பண்ணும்.

சின்தே: பதினஞ்சா? உப்புத்தவளைக்கா? குறைஞ்சது நாப்பது இருக்கும்னு பேசிக்கிறோம். கலங்கரை விளக்கத்துல வேலை பாத்தவருன்னு ஒரு கட்சி. கப்பல்காரருன்னு ஒரு கட்சி.

ஹேரிம்: ம்... அஞ்சு எரிஞ்சிருச்சு. ஆறாவதுக்கு நீ ஏத்துறியா, நான் ஏத்தட்டுமா?

சின்தே: நீங்களே ஏத்துங்க. கை உங்களுக்குத்தான் ஓடுது... ஆறும் எரியுது. வாங்க, ஏழாவது தீவு.

ஹேரிம்: இதென்ன தரையெல்லாம் கல்லு வரிசை வரிசையா?

சின்தே: இதுவா? கூட வந்தவங்க நினைவுக்கு ஆளுக்கு ஒரு கல் போடுவாங்க. உக்சூ அண்ணன் சொன்னாருல்ல, வருஷா வருஷம் புத்தாண்டுக் காலையில நூறு பேருக்கு மேல கூடுவாங்க, அஞ்சஞ்சு பேரா வந்து கதவு முன்னாடி நிப்பாங்க. அப்படி நின்னுதான் ஒரு சோடி கல்யாணமே பண்ணிக்கிச்சு. போட்ட கல்ல மட்டும் கடைக் கம்ப்யூட்டர் சேமிச்சு வெச்சுக்கும், அதான் அப்படியே நிக்குது.

ஹேரிம்: திறக்காத கதவு முன்னாடியா?

சின்தே: திறக்காததுனாலதான் அக்கா நிக்குறாங்க. உள்ள என்ன இருக்குன்னு ஆளுக்கொரு கதை.

உக்சூ: வந்துட்டீங்களா ஏழாவது தீவுக்கு? நகருங்க, நானும் பாக்குறேன். டேய், இப்பச் சொல்லு. உள்ள என்னதான்டா இருந்துச்சு?

சின்தே: படகு. சின்னதா ஒரு படகு.

உக்சூ: படகா? வீட்டுக்குப் போற படகு... அட, அது சரியாத்தான இருக்கு.

ஹேரிம்: படகு என்ன நிறம்?

சின்தே: நிறமா?

ஹேரிம்: பாத்தேன்னு சொன்னியே. என்ன நிறத்துல இருந்துச்சு?

சின்தே: நிறம்... எல்லாம் சாம்பலாத்தான் தெரிஞ்சுச்சு.

உக்சூ: விளையாடும்போது எதுடா சாம்பலாத் தெரியும்? எனக்கே தெரியும், எடிட்டர்ல பாத்தாத்தான் சாம்பல்... டேய்.

சின்தே: அண்ணே, கொஞ்சம் மெதுவா.

உக்சூ: பூட்ட உடைச்சியா?

சின்தே: அண்ணே...

உக்சூ: அடுத்தவன் மேப் பூட்ட உடைக்கிறவனுக்கு இந்தக் குழுவுல என்ன நடக்கும்னு தெரியுமா, தெரியாதா?

சின்தே: தெரியும். அதான் சிக்கல். எப்படின்னு சொல்லலன்னா பொய்யன்னு எடுப்பாங்க. சொன்னா பூட்டுத் திருடன்னு எடுப்பாங்க.

உக்சூ: நல்ல வேலை பண்ணின. எந்த வழியில போனாலும் வாசலுக்கு வெளியதான். மேடம், மன்னிச்சுக்குங்க, உங்க ரயில் காசு போச்சு.

ஹேரிம்: பூட்டு முழுசாத் திறந்துச்சா?

உக்சூ: என்னங்க, நீங்க போய் இப்படிக் கேக்குறீங்க?

ஹேரிம்: இல்ல, உள்ள எல்லாம் ஒழுங்கா இருக்கா? விதியெல்லாம் படிக்க முடியுதா? பேரு அழியாம?

சின்தே: எல்லாம் இருக்கு. ஆட்டுக்கெல்லாம் பேரு கூட வெச்சிருக்காங்க.

ஹேரிம்: மாத்திட்டியா எதையாவது?

சின்தே: ஒரு புல்லக் கூட மாத்தல. அடுத்தவங்க வீட்டுல எட்டிப் பாத்ததே தப்பு, சாமானையும் நகத்தலாமா? எங்க தப்பு நடந்திருக்குன்னு பாத்துட்டேன் அக்கா. ஒரே ஒரு எண்ணு. கை பரபரன்னுச்சு. மாத்தல.

உக்சூ: இருடா. ஒண்ணுமே மாத்தலன்னா... கதவு எப்படித் திறந்துச்சு?

சின்தே: திறக்கல.

உக்சூ: திறக்கலையா?

சின்தே: திறக்கவே திறக்காது அண்ணே. நீங்க ஆடு இல்ல, யானைய ஓட்டிட்டு வந்திருந்தாலும் திறந்திருக்காது.

உக்சூ: அப்போ எதுக்குடா திறந்துச்சுன்னு எழுதின?

சின்தே: வலை போட்டேன்.

உக்சூ: எந்த மீனுக்கு?

சின்தே: அந்தக் கதவு திறக்காதுன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான் இருப்பாரு. கட்டினவரு. திறந்துச்சுன்னு எவனாவது எழுதினா, இவன் பூட்ட உடைச்சுட்டான்னு அவருக்கு மட்டும்தான் புரியும். திட்டுறதுக்காவது தேடி வருவாருன்னு நெனச்சேன். அவரு ஒரு வார்த்தை சரின்னு சொல்லிட்டா பூட்ட உடைச்சது குத்தமில்ல. குழுவோட வழக்கமே அதுதான்.

உக்சூ: வந்தது யாரு? பாவம், பூசான்லேர்ந்து இந்தப் பொண்ணுதான். மீன் வரல, கடல்ல குளிக்க வந்தவங்க மாட்டியிருக்காங்க.

சின்தே: அண்ணே, குழுவுல எழுதினப்போ எல்லாரும் என்ன கேட்டாங்க?

உக்சூ: என்ன கேப்பாங்க, எப்படித் திறந்துச்சுன்னுதான்.

சின்தே: நீங்க?

உக்சூ: அதையேதான். இப்பக் கூட அதத்தானடா கேட்டேன்.

சின்தே: அக்கா மத்தியானத்துலேர்ந்து என் பக்கத்துல உக்காந்திருக்காங்க. ஆட்டக் கேட்டாங்க, அசல் ஃபைலக் கேட்டாங்க, படகு நிறத்தக் கேட்டாங்க. எப்படித் திறந்துச்சுன்னு மட்டும் ஒரு தடவ கூடக் கேக்கல.

உக்சூ: அட, ஆமா.

சின்தே: அக்கா, எடிட்டர்லதான் திறந்து வெச்சிருக்கேன். பக்கத்துத் திரைதான். அசல் ஃபைல்லாம் வேணாம். அந்தத் தப்பு எண்ணு எதுன்னு நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல. அது எதுன்னு சொல்றவங்கள நம்புறேன்.

ஹேரிம்: கதவு திறந்துட்டா... புத்தாண்டுக்கு வந்து நிக்குறவங்க?

சின்தே: உள்ள போவாங்க.

ஹேரிம்: இவ்வளவுதானான்னு கேப்பாங்க தம்பி. உக்சூ அண்ணன் மாதிரி மூளைக்காரன்னு நெனச்சவங்க எல்லாம். ஒரு சின்னத் தப்புக்கா இத்தன வருஷம் நின்னோம்னு.

உக்சூ: நான் நின்னேங்க. நின்னவன் சொல்றேன்... எனக்கு அந்தப் படகுல ஏறணும். ஆடு எதுக்குன்னு மட்டும் சொல்லிடுங்க.

ஹேரிம்: பாக்க நல்லா இருக்கும்னுதான் அண்ணே. தள்ளி உக்காரு தம்பி, கீபோர்ட இப்படிக் குடு. ஏழு விளக்கும் எரிஞ்சா கதவு திறக்கணும்னு எழுதியிருக்கு. ஏழாவது விளக்கு கதவுக்கு உள்ள இருக்கு. படகுப் பக்கத்துல எரிஞ்சா அழகா இருக்கும்னு கடைசி நேரத்துல உள்ள நகத்தினேன், எண்ண மாத்த மறந்துட்டேன். பூட்டினேன். அதே பேர்ல சேமிச்சேன். இந்தா, ஏழ அழிச்சாச்சு, ஆறு. படகு மஞ்சள், திறந்ததும் பாத்துக்க... அப்பறம், ஒரு பக்கத்துக்கு எழுதினவன்னு சொன்னியே, 'வேற குளத்துல போய்க் கத்து'ன்னு நீ பதில் போட்டு வெரட்டின தவளை, அதுவும் நான்தான்.