இறக்கி வைக்க ஓர் இடம்

இரவு பன்னிரண்டரை இருக்கும். வெள்ளானூரைத் தாண்டி ஏரிப்பக்கம் திரும்பும் ரோடு. லைட் கம்பங்கள் உண்டு… லைட் கிடையாது.

இதை எனக்குச் சொன்னது என்னோடு வேலை பார்க்கும் பாஸ்கரன். நடந்தது அவன் சித்தப்பா மகன் சரணுக்கு. கரண்ட் வருகிறபோது வரட்டும், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நடுவில் எழுந்து போகிறவர்கள் இப்போதே போய்விடுங்கள்.

சரண் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். இனி வரவேண்டாம் என்று போன மாதம்தான் சொல்லிவிட்டார்கள். அதை மனைவி ரோஷினியிடம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அவளுக்கோ நிறைமாதம். பட்டாபிராமில் மூன்றாவது மாடி வாடகை வீடு, துணைக்கு ஆள் கிடையாது. எந்த நேரமும் வலி எடுக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கேயும் போகாதே என்று அவள் கையைப் பிடித்துக் கேட்டும், நைட் ஷிப்ட் என்று புளுகிவிட்டு இவன் கிளம்பிவிட்டான். புதையல் ஆசை யாரை விட்டது?

கூட வந்தவர்கள் இரண்டு பேர். கிஷோர், அருள்மொழி. மண்ணுக்கடியில் உலோகம் இருந்தால் கத்தும் மெஷின் ஒன்றை கிஷோர் ஆன்லைனில் வாங்கியிருந்தான். அவர்கள் போன இடத்துக்குப் பையன்கள் வைத்த பெயர் பாலைவனம். பிளாட் போடுவதற்காக ஒரு மரம் விடாமல் வெட்டி, நிரவி, கிராவல் கொட்டி, அப்புறம் ஏதோ கேஸில் நின்றுபோன நிலம். கண்ணுக்கெட்டிய வரை மண். காற்றடித்தால் வாயெல்லாம் மண்.

நடுவில் ஒன்று மட்டும் நின்றது. நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கல் நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைப் படுக்கப் போட்டிருந்தது. இத்தனை நிலத்தையும் வழித்துப்போட்ட ஜேசிபிக்காரன் இதை மட்டும் ஏன் சுற்றிக்கொண்டு போனான் என்று ஒருத்தனாவது யோசித்திருக்க வேண்டாமா? கிஷோர் யோசித்தது வேறு. அந்தக் காலத்து வியாபாரிகள் பொன்னைப் புதைத்துவிட்டு வைத்த அடையாளம் அது என்று அடித்துச் சொன்னான். எல்லாம் போனில் பார்த்த வீடியோ கொடுத்த அறிவு.

உங்களில் ஊர்ப்பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். அது சுமைதாங்கிக் கல். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போகிற பெண்ணுக்காக நடுவது. சுமை இறங்காமலே போய்விட்டாளே பாவம்… வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதன்மேல் இறக்கி வைத்து இளைப்பாற இளைப்பாற, அவளுடைய சுமையும் இறங்கும் என்பார்கள். தெரிந்தவன் கும்பிட்டுவிட்டுப் போவான். தெரியாதவன் கடப்பாரையைப் போடுவான்.

மெஷின் அந்தக் கல்லடியில்தான் கத்தியது. கீ… கீ… என்று விடாமல். மூன்று பேரும் கடப்பாரை கொடுத்து மேல்கல்லை நெம்பினார்கள். விழுந்தது. இரண்டு துண்டு.

தோண்டினார்கள். முழங்கால் ஆழத்தில் அருள்மொழி கைக்கு ஒன்று அகப்பட்டது. டார்ச் அடித்துப் பார்த்தார்கள். பொன் இல்லை. பித்தளைப் பாலாடை. பச்சைப் பிள்ளைக்குப் பால் புகட்டுகிற பாலாடை, களிம்பு ஏறியது. கிஷோர் அதை எரிச்சலோடு வீசி எறிந்தான்.

அப்போது ஒரு வாசனை வந்தது. அரைத்த மஞ்சளும் பூண்டும், பிரசவித்த வீட்டில் வருமே, அது. அதன் பின்னால் ஒரு சத்தம். பாரம் தூக்கியவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சு விடுவார்களே… ஸ்ஸ்… ஹா… ஸ்ஸ்… ஹா… குழிக்குள்ளிருந்து இல்லை. அவர்கள் முதுகுக்குப் பின்னால்.

திரும்பிப் பார்க்க ஒருத்தனுக்கும் தைரியம் இல்லை. மெஷினை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார்கள். கிஷோரும் அருள்மொழியும் ஒரு வண்டியில் ஆவடிப்பக்கம் பறந்துவிட்டார்கள். சரணின் வண்டி உதைத்து உதைத்து, கடைசியில்தான் ஸ்டார்ட் ஆனது.

ரோடு வளைகிற இடத்தில் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு பெண். தலையில் துணி மூட்டை, இரண்டு கையும் மேலே. வயிறு முன்னால் தள்ளியிருந்தது. நிறைமாதம். நிறுத்தக் கூடாது என்று அவனுக்குத் தெரியும். ஆனால் அந்த வயிற்றைப் பார்த்ததும் ரோஷினி ஞாபகம் வந்து மனசு கேட்கவில்லை. நிறுத்திவிட்டான்.

"அண்ணாத்தே, ஒரு கை குட்த்து எறக்கி உடேன். எம்மா நேரமா நின்னுகினு கீறேன். வைக்கிறதுக்கு எடமே இல்லாம பூட்ச்சி."

இறக்கினான். மூட்டை வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே ஏதோ ஒருமுறை புரண்டது. ரோஷினி வயிற்றில் கை வைத்துப் பார்த்தபோது புரண்ட மாதிரியே. தரையில் வைக்கப் போனான். வைக்கக் கூடாது என்று அவள் தலையை ஆட்டினாள்.

"ஊட்ல யாரு கீறாங்கோ?"

ஏன் சொன்னான் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"பொண்டாட்டி மட்டும்தான். மாசமா கீறா."

அவள் இடுப்பில் கை வைத்து முதுகை மெல்ல நிமிர்த்தினாள். வயிறு ஒட்டிப் போயிருந்தது.

"அப்டின்னா அவ தாங்குவா."

அவ்வளவுதான். ரோட்டில் யாரும் இல்லை. கையில் மூட்டை மட்டும் இருந்தது. தூக்கி எறியப் பார்த்தான்… விரல் பிரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டு எப்படி ஓட்டினானோ. ஆவடி தாண்டும்போது அது அரிசி மூட்டை கனம். பட்டாபிராம் வந்தபோது வண்டியின் பின்சக்கரம் தரையோடு அழுந்தியது. மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று, பல்லைக் கடித்து மூச்சு வாங்கி ஏறினான். ரோஷினி, ரோஷினி என்று கூப்பிட்டான்.

கதவு திறந்து கிடந்தது. நைட் லாம்ப் எரிந்தது. மஞ்சளும் பூண்டும் வாசனை.

ரோஷினி கூடத்துக்கு நடுவில் தரையில் இருந்தாள். இரண்டு கையையும் நேராக ஊன்றி, முழங்காலில் நின்று… முதுகைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு… அசையாமல். வயிறு கீழே தொங்கியது. வலிதான் எடுத்துவிட்டது என்று நினைத்து, அழுதுகொண்டே பக்கத்தில் போனான். அவள் தலையைத் தூக்கவில்லை. அவனை யாரென்றும் பார்க்கவில்லை.

"சீக்கிரம் வச்சிட்டு நவுரு," என்றாள். "பின்னால ஆளுங்க நின்னுகினு கீறாங்கோ."

அப்போதுதான் அவனுக்குக் கேட்டது. வாசலில் ஒருவர்… அவருக்குப் பின்னால் இன்னொருவர்… படிக்கட்டு முழுக்க, கீழே ரோடு வரைக்கும்… ஸ்ஸ்… ஹா… ஸ்ஸ்… ஹா…