கிளை விட்ட சங்கிலி

எனக்கு டீ சர்க்கரை இல்லாமல் சொல்லுங்கள், ஐயா. பகல் முழுக்க அதோடு மல்லுக்கட்டுகிறவன் நான்.

வேதியியல் தெரியாது என்கிறீர்கள். பரவாயில்லை, என் மைத்துனனுக்கே நான்தான் சொல்லிக்கொடுத்தேன். கிருமிகள் சர்க்கரைச் சங்கிலிகளால் ஒரு சட்டை போட்டுக்கொண்டு திரிகின்றன. அந்தச் சங்கிலியில் ஒரு துண்டை ஆய்வகத்தில் செயற்கையாகக் கோத்துத் தடுப்பூசியில் வைப்போம். உடம்பு அதைப் பார்த்து ஆன்டிபாடிகளை உண்டாக்கும். நிஜக் கிருமி வந்தால் அவை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும். அசல் சங்கிலியில் பக்கவாட்டில் ஒரு கிளை உண்டு. அதை ஒட்டவைப்பதற்குள் பிராணன் போய்விடும். கிளை இல்லாமலே செய்துவிட்டேன்.

"மாமா, ஆன்டிபாடி அந்தக் கிளையைத்தான் புடிக்குது. வெறும் தண்டைக் காட்டிப் பழக்குனா, நாளைக்குக் கிருமி எதிர்ல வந்து நின்னாலும் யாரோன்னு விட்டுடும்," என்றான் மைத்துனன், எல்லோர் முன்னாலும். நேற்றுவரை என் குடுவைகளைக் கழுவியவன். துறைத்தலைவர் வேறு தலையாட்டினார்.

யார் சொல்வது சரி என்று தெரிய, பரிசோதனைத் தட்டில் கிருமியின் சட்டையைத் தடவி, ஊசி போட்ட முயல்களின் ரத்தத்தை அதில் விட்டுப் பார்க்க வேண்டும். நான் என் சங்கிலியையே தடவினேன். ஆன்டிபாடிகள் பசைபோல ஒட்டின. கேள்வித்தாளை முதலிலேயே கொடுத்துவிட்டால் எந்தப் பிள்ளைதான் தேறாது? மைத்துனன் மன்னிப்புக் கேட்டான். பெருந்தன்மையோடு மன்னித்தேன்.

என் மனைவிக்கு, அதாவது அவன் அக்காவுக்கு, அதே கட்டடத்தில் உயிருள்ள கிருமிகளை வளர்க்கும் வேலை. முதல் ஊசிகள் அந்த அறைக்காரர்களுக்குத்தான்.

"ஏங்க, தைரியமா போட்டுக்கலாமா?" என்றாள்.

"தாராளமா போட்டுக்கோ."

வேண்டாம் என்றால் ஏன் என்பாள். அவளிடம் சொல்வதும் தம்பியிடம் சொல்வதும் ஒன்றுதான்.

அவளுக்குக் காய்ச்சல் வந்தது, கழுத்து விறைத்தது. ஊசி போட்டவள் என்பதால் மருத்துவர் வேறு நோய்களைத் தேடிக்கொண்டிருந்தார். "அந்தக் கிருமியா இருக்க வாய்ப்பே இல்லையா சார்?" என்று என்னிடமே கேட்டார். மைத்துனன் பக்கத்தில் நின்றான். "ஊசி நல்லா வேலை செய்யுது டாக்டர்," என்றேன்.

"நீங்க இருக்கீங்கல்ல, எனக்கென்ன பயம்," என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் மதியம் போய்விட்டாள்.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாள் என்கிறீர்கள். ஆமாம், பிழைத்திருப்பாள். அப்போதே எனக்குத் தெரியும். நான் அவளை எப்படி வைத்திருந்தேன் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். அவளுக்காக உயிரையே கொடுத்திருப்பேன். ஆனால் அவள் தம்பி முன்னால் தலைகுனி என்றால் எப்படி, ஐயா?