சராசரியில் உறையாத ஐஸ்

போட்டோ எடுக்குறதுக்கென்ன தம்பி, தாராளமா எடுங்க. நான் ஒண்ணும் ஓடிப்போயிர மாட்டேன். ஆனா நீங்க எழுதிக்கிட்டு வந்திருக்கீங்க பாருங்க, மின்சாரச் சந்தையால எங்க ஐஸ் பேக்டரி செழிச்சுருச்சு, அப்படி இப்படின்னு, அது மட்டும் என் வாயில வராது. மொதல்ல உங்க கரண்டுக் கம்பெனியோட அந்த வருஷக் கணக்குப் புஸ்தகத்த இப்படிக் குடுங்க.

இங்கிலீசு எனக்கு ஓடாது. படம் புரியும்ல? இந்தக் கோடு போன வருஷம், இது இந்த வருஷம். கோடு எறங்கியிருக்கு. நம்ம தென்பக்கத்து ஸ்டேட்டெல்லாம் சேந்து கரண்டு வாங்குற சந்தையில யூனிட்டு வெல சராசரியா கொறஞ்சிருச்சு, வருஷம் நல்ல வருஷம். அதான? பொய்யின்னு சொல்லல. மத்தியானம் சோலார் கரண்டு கொட்டிக் கெடக்கு, வாங்க ஆளில்லாம வெல தரைக்கு வந்துருது. பொழுது சாஞ்சா உச்சிக்கு ஏறுது. ரெண்டையும் கூட்டி வகுத்தா இந்தக் கோடு வரும். வரட்டும். ஆனா ஐஸ் சராசரியில உறையாது தம்பி. கரண்டு ஓடுற நேரத்துலதான் உறையும்.

உக்காருங்க, ஏன் நிக்கிறீங்க. ஈரம்தான், ஐஸ் பேக்டரின்னா ஈரமாத்தான் இருக்கும். அந்தப் பெட்டிமேல உக்காருங்க.

போர்டு கரண்ட விட சந்தையில வாங்குனா மலிவுன்னு உங்க கம்பெனியிலேருந்து ஒருத்தர் வந்து சொன்னாரு. எங்களுக்கு வேணுங்கிறத முந்தின நாளே நீங்க ஏலத்துல கேட்டு வாங்கித் தருவீங்களாம். மீன் ஏலம் மாதிரிதாம்மான்னாரு. மீன் ஏலம் எனக்குத் தெரியாதா? ஏலக்கூடத்துக்குப் பின்னாடிதான் நான் பொறந்த வீடே. சரின்னு கையெழுத்துப் போட்டேன். ஒண்ணை மட்டும் அவரு சொல்லல. மீன் வெல ஏறுனா நான் கூடையத் தூக்கிக்கிட்டு அடுத்த கரைக்குப் போயிருவேன். கரண்டுக்கு எந்தக் கரைக்குப் போறது?

மீன்பிடித் தடைக்காலம் முடிஞ்ச மொத வாரம். ரெண்டு மாசமா கரையில கெடந்த போட்டெல்லாம் கடலுக்குப் போவுது. எங்களுக்குத் தீவாளியே அதான். உப்புத்தண்ணித் தொட்டி நெறைய, ஐஸ் கட்டியா உறையிறதுக்குத் தண்ணிக் கேன எறக்கிட்டு மெஷின் ஓடிக்கிட்டிருக்கு. பொழுது எறங்குற நேரம் உங்க மெசேஜ் வருது. அன்புள்ள வாடிக்கையாளரே, இன்று மாலைக்கு மின்சாரம் கிடைக்கவில்லை, உபயோகத்தை நிறுத்திக்கொள்ளவும். ஊரெல்லாம் வெக்கை, எல்லாரும் கேட்டுருக்காங்க, நீங்க கேட்ட வெலைக்குக் கெடைக்கல. சரி, கெடைக்கலங்கிறது முந்தின நாளே தெரிஞ்ச சேதிதான? மெஷின் ஓடுறப்பவா சொல்லுவீங்க? மீறி இழுத்தா அபராதம். நிறுத்திட்டேன்.

மறுநா கேனக் கவுத்தா வெளிய கண்ணாடி மாதிரி இருக்கு. ஒடச்சா நடுவுல தண்ணி. அந்தக் கட்டியத்தான் ஏத்திக்கிட்டுப் போனாங்க, மொத வாரத்துல மத்த பேக்டரியிலயும் கட்டிக்குக் கூட்டம், வேற எங்க போவாங்க? எங்க வீட்டுக்காரரு சிங்காரவேலு போட்டும்தான் போச்சு. பொண்டாட்டி ஐஸ வேணாம்னு சொல்ல முடியுமா அந்த மனுசனால? திரும்பி வந்தாரு. இறாலு தலை கறுத்துப் போயி, கணவா நெறம் மாறி, ஏலத்துல தொட ஆளில்ல. எல்லாம் கருவாட்டுக்கும் கோழித்தீவனத்துக்கும்தான் போச்சு. அவரு வலையத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கு நடந்தாரு. நாலு திட்டு திட்டியிருந்தாக்கூடத் தேவலை. கரையில மத்தவங்க சும்மா விடுவாங்களா? எல்லையம்மா ஐஸு சர்பத்துக்குத்தான் ஆவும்னு கத்துனாங்க. பாதிப்பேரு ஜாஃபர் சாதிக் பேக்டரிக்குப் போயிட்டாங்க, அவருகிட்ட டீசல் ஜெனரேட்டரு இருக்கு.

எனக்கு வந்த ஆத்தரத்துக்கு உங்க ஆபீசுக்கு அடிச்சேன். ஒண்ண அமுக்கு, நாலை அமுக்குன்னு ஒரு பாட்டுப் பொட்டி பேசுது. விடலையே நான். கடேசியா ஒரு பொண்ணு எடுத்துச்சு. வாயில வந்ததெல்லாம் கொட்டுனேன். ஒங்க ஏசி ரூமுல உக்காந்துக்கிட்டு எங்க அடுப்புல தண்ணிய ஊத்துறீங்களான்னு கேட்டேன். பொறுமையாக் கேட்டுச்சு. வழக்கமா சொல்றாப்புல, சிரமத்துக்கு வருந்துறோம்னு சொல்லல. அம்மா, உங்க தொட்டி எவ்வளவு நேரம் குளிரு தாங்கும்னு கேட்டுச்சு.

இதுநாள் வரைக்கும் என்கிட்ட யாரும் அதக் கேக்கல. கையெழுத்து வாங்க வந்த உங்க ஆளு கேக்கல. நீங்களும் கேக்கல பாருங்க, வந்ததுலேருந்து.

மூடி கனமாப் போட்டா சாயங்காலம் பூரா தாங்கும்னேன். அப்ப பகல்லயே மெஷின முழுசா ஓட்டி உப்புத்தண்ணியக் குளுர வச்சுருங்க, வெல ஏறுற நேரத்துல நிறுத்திருங்கன்னுச்சு. மறுநா வெல மொத நா மத்தியானமே வெளியாயிருமாம். உச்சிக்குப் போற நாளா இருந்தா நானே போன் பண்ணிச் சொல்றேம்மான்னுச்சு. சொன்னபடி பண்ணவும் பண்ணுச்சு. அம்மா நாளைக்கு மோசம், நாலு மணிக்குள்ள முடிச்சுருங்க. அம்மா நாளைக்கு மழை, பயமில்ல. இவ்வளவுதான் பேச்சு. நான் மூடிக்கு மேல மூடி போட்டு, சாக்கு அடைச்சு, பகல்ல ஓட்டுனேன். கட்டி முழுசா உறைஞ்சுச்சு. ஜாஃபர் பாய்கிட்ட போன போட்டெல்லாம் ஒவ்வொண்ணா என்கிட்டத் திரும்பி வந்துச்சு. ஜாஃபர் பாயே வந்து, எப்படிம்மான்னு கேட்டாரு. சொல்லிக்குடுத்தேன். நமக்குள்ள என்ன.

இப்ப புரியுதா, உங்க புஸ்தகத்துல என்னைய எதுக்குப் போடப் பாக்குறீங்கன்னு? சந்தையப் புரிஞ்சுக்கிட்டு கரண்டுச் செலவக் கொறச்ச பெண்மணின்னுதான? அந்தப் புரிதல எனக்குக் குடுத்தது உங்க கம்பெனி இல்ல தம்பி. உங்க கம்பெனியில அன்னைக்குப் போன எடுத்த அந்தப் பொண்ணு, செம்மொழி.

ஏன், பேரக் கேட்டதும் மொகம் மாறுது? தெரியும்ல?

ரகசியத்தையா வெளிய சொல்லிட்டா? ஊரறிய போடுற வெல. யாரு வேணாலும் பாக்கலாம். எனக்குப் பாக்கத் தெரியாது, அவ பாத்துச் சொன்னா. சாயங்காலம் நாங்க எடுக்கலேன்னா யூனிட்டுக்கு உங்களுக்கு வர்ற கமிஷன் போச்சு, அதுக்குத்தான வெளிய அனுப்புனீங்க? இல்லியா? சரி, நீங்க அனுப்பல. உங்க மேல இருக்குறவங்க அனுப்புனாங்க. அந்தப் புஸ்தகத்துல அது எந்தப் பக்கத்துல இருக்குன்னு காட்டுங்க பாப்போம்.

எனக்கு எப்படித் தெரியும்னா, போன் நின்னு போச்சு. அடிச்சுக் கேட்டா, அப்படி ஒருத்தர் இங்க இல்லைங்கிறாங்க. குத்தாலத்துப் பக்கம்னு ஒருவாட்டி சொல்லியிருந்தா, அருவி இருக்குற ஊரு இல்ல, கும்மோணம் தாண்டி இருக்குறது. கெளம்பிட்டேன். வெறுங்கையோட போவேனா? நம்ம ஐஸப் போட்டு ஒரு பெட்டி இறாலு. கும்மோணம் போயி பஸ்ஸு மாறி, கரண்டு கம்பெனியில இருந்த பொண்ணு வீடு எதுன்னு கேட்டுக் கேட்டுப் போயிச் சேந்தேன். அவங்கப்பா ஐயாவு அந்தக் காலத்துல அடுத்தவங்க வயல்ல கூலிக்கு நட்டவராம். இப்ப சொந்தமா நாலு மா, கிட்டத்தட்ட ஒண்ணேகால் ஏக்கரு நெலம். வாங்கன்னாரு. அவங்கம்மா அம்சம் மட்டும் வாசல மறிச்சுக்கிட்டு நின்னாங்க. நீங்கதானா அந்த ஐஸ்காரம்மா, உங்களாலதான எம்புள்ள வேலை போச்சுன்னாங்க. பெத்தவ வயித்தெரிச்சல்.

உள்ளேருந்து செம்மொழி வந்தா. ஒல்லியா, இத்தனூண்டு. அம்மா, அவங்க யாரும் என்னையக் கேக்கல, நானாத்தான் பண்ணுனேன், மறுபடி அந்த நாக்காலியில உக்கார வச்சாலும் பண்ணுவேன்னா. அந்தக் கொரலு அதட்டவும் இல்ல, அழுவவும் இல்ல. எனக்குத்தான் கண்ணுல தண்ணி வந்துருச்சு. அதுக்குள்ள ஐயாவு பெட்டியத் தெறந்துட்டாரு. அவ்வளவு தூரம் வந்தும் ஐஸு கரையல, இறாலு பளபளன்னு கெடக்கு. அம்சம் குனிஞ்சு ஒண்ண எடுத்துப் பாத்தாங்க. பொறவு கதவ விட்டு நகந்து, சாப்புட்டுட்டுத்தான் போவணும்னாங்க.

இல்ல தம்பி, அந்தக் காயிதத்த எடுக்காதீங்க. அடுத்த மூணு வருஷத்துக்குக் கையெழுத்துன்னு நீங்க பையில கைய விடுறப்பவே பாத்துட்டேன். அது வேணாம். இந்தக் கரையில நாலு ஐஸ் பேக்டரி, நாலும் உங்க கம்பெனிய விட்டு விலகிட்டோம். ஜாஃபர் பாயும்தான். வேற எடத்துல பேசி முடிச்சாச்சு, ஒண்ணாந் தேதியிலேருந்து அவங்க கரண்டுதான். எந்த நேரத்துக்கு எவ்வளவு கேக்கணும், எப்ப நிறுத்தணும்னு பாக்குறதுக்கு எங்களுக்குன்னு சம்பளத்துக்கு ஒரு ஆளும் போட்டாச்சு.

யாருன்னா கேக்குறீங்க? காலையில வழி தெரியாம எங்க நம்பருக்குப் போன் பண்ணுனீங்களே. பேராவூரணி தாண்டி எடது பக்கம் திரும்புங்க சார்னு உங்களுக்குச் சொன்னது யாருன்னு நெனச்சீங்க?

செம்மொழி பேங்குக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா. இருந்து, எங்க ரெண்டு பேரையும் சேத்து ஒரு போட்டோ எடுத்துட்டுப் போங்க. புஸ்தகத்துல போட்டா போடுங்க, போடாட்டிப் போங்க.