நான் யூதன் இல்லை என்று ஒரு மனு

...ஐம்பத்தேழு தம்பி என் நம்பர். இப்பத்தான் நாப்பத்தொண்ணு ஓடுது. இந்த ஹைஃபாவுல செத்தவன் அன்னிக்கே மண்ணுக்குள்ள போயிடறான், அவனுக்கு இடம் கேட்டு வர்றவன்தான் அலையறான். அட, உட்காருங்க, நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்.

நீங்க தொப்பியும் தாடியுமா இருக்கீங்க, அடக்கச் சங்கத்துல உங்களுக்கு ஒரு வம்பும் வராது. என்னை மாதிரி சோவியத்துலேர்ந்து இஸ்ரேலுக்கு வந்தவன் இங்க எதுக்கு வருவான்? எங்கம்மா யூதர்தான், நம்புங்கன்னு காகிதத்த நீட்டுவான். நான் ஒருத்தன்தான் எங்கம்மா யூதரே இல்லைங்கன்னு மனுப் போட வந்திருக்கேன். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க, நானே சிரிச்சுட்டேன்.

இந்தா, சோவியத்துல நான் பொறந்த ஊரு கோமெல்ல குடுத்த பிறப்புச் சீட்டு. அம்மா பேருக்கு நேரா 'யூதர்'. இந்த ஒரு வார்த்தையாலதான் அங்க காலேஜ்ல இடம் கிடைக்கல. இங்க, பொண்டாட்டி பக்கத்துல இடம் கிடைக்கல.

என் பொண்டாட்டி லாரிசா மயானத்துல வேலிக்கு அந்தப் பக்கம், யூதர் இல்லாதவங்களோட இருக்கா. போன குளிர்காலத்துலேர்ந்து. அவ அப்பா யூதர், அம்மா இல்ல. அம்மா யூதரா இருந்தாத்தான் பிள்ளை யூதர், அப்பா கணக்குல சேர மாட்டார், அது உங்களுக்கே தெரியும். வெள்ளிக்கிழமை தவறாம விளக்கேத்தினவ அவ. பக்கத்துல உட்கார்ந்து பன்னி சாசேஜ் தின்னவன் நான். அவ வெளிய, எனக்கு உள்ள. மர நிழலோட இடம்.

என்னையும் அங்கயே வைங்கன்னு கிளார்க் எலியாவ்கிட்ட கேட்டேன். யூதனை அங்க வைக்க முடியாதுன்னார். நான் சாமியே கும்பிடறதில்லையேன்னேன். "அப்ப கெட்ட யூதன்"னார். பன்னி திங்கறேனேன்னேன். "ரொம்பக் கெட்ட யூதன்"னார்.

மதம் வேண்டாங்கறவங்களுக்குத் தனி மயானம் இருக்கேன்னுதானே கேக்க வர்றீங்க? அதுக்காக இருபது வருஷம் தெருவுல கத்தினதே நான்தான் தம்பி. லாரிசா வர மாட்டேன்னுட்டா. "பிரார்த்தனை சொல்ல ஆளில்லாத இடத்துல நான் படுக்க மாட்டேன், நீ போய்ப் படு"ன்னா. இப்பத் தோண்டி எடுத்துட்டுப் போகவா? உயிரோட இருந்தப்பவே அவளைக் கிளப்ப முடியாது.

அவ முறைப்படி யூதரா மதம் மாறவும் பாத்தா. ரெண்டு வருஷம் வகுப்பு, எல்லாப் பரிட்சையும் பாஸ். கடைசியா மூணு ரபி, அதான் மதகுருங்க, முன்னாடி நிக்கணும். புருஷனையும் வரச் சொன்னாங்க. என்கிட்ட ஒரே ஒரு கேள்வி. "சனிக்கிழமை ஓய்வு நாள், அன்னிக்குக் காரை எடுக்காம இவங்களோட வீட்டுல இருப்பீங்களா?" லாரிசா என் சட்டைக் கையப் புடிச்சா. 'ஆமா'ன்னா முடிஞ்சுது. செய்யாத வேலையெல்லாம் செஞ்சேன்னு சோவியத் ஃபாக்டரியில இருபது வருஷம் கையெழுத்துப் போட்ட கை தம்பி இது. அன்னிக்குன்னு பாத்து உத்தமனாயிட்டேன். என் சனிக்கிழமையில தலையிட நீங்க யாருன்னு எழுந்து நின்னு அரைமணி நேரம் பிரசங்கம் பண்ணினேன். நல்லாத்தான் பேசினேன்.

கேஸைத் தள்ளிட்டாங்க. பஸ்ஸுல வர்றப்ப அவ ஒரு வார்த்தை திட்டல. வீட்டுக்கு வந்து எனக்கு சூப் வச்சா.

உங்க நம்பரைக் கூப்பிடறாங்க போல... போங்க தம்பி, போங்க. இந்த ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போங்க. இப்பல்லாம் சனிக்கிழமை நான் காரை எடுக்கறதே இல்ல. வீட்டுலயேதான் இருக்கேன். அவளைப் பாக்கத்தானே எங்கயாவது போகணும்... அன்னிக்கு மயானத்தைப் பூட்டிடறாங்க.