கட்டினவன் கைதான் அவிழ்க்க வேண்டும்

உதைபந்து விளையாட்டின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, ஐயா. சின்ன வயதில் நானும் கடற்கரையில் பந்து அடித்தவன்தான். ஊரில் வேறு மாதிரிக் கதைக்கிறார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை ஒருவரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. நானே சாரத்தை மாற்றிக்கொண்டு, துறைமுகப் பக்கத்தால் நடந்து இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்தேன். ஒரு உதவி கேட்கத்தான் வந்தேன். நடந்தது முழுவதும் தெரிந்தால்தான் நான் கேட்பதில் உள்ள நியாயம் உங்களுக்குப் பிடிபடும்.

என் பெயர் முத்தலிப். முறிவு நெரிவு வைத்தியம் செய்கிறேன். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு நின்றது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் கை கால் முறிந்தவன் முதலில் என் வாசலுக்குத்தான் வருவான். ஆஸ்பத்திரியெல்லாம் அதற்குப் பிறகு. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மூலிகை அரைத்துப் பத்துப் போட்டு, மட்டை வைத்துக் கட்டினால், கட்டினவன் கைதான் அதை அவிழ்க்க வேண்டும். வேறொருவன் தொட்டு எலும்பு விலகினால் பழி தொட்டவனுக்கு. இன்னொரு வைத்தியன்கூட அதில் விரல் வைக்க மாட்டான்.

பஹ்மி என் தங்கச்சி அசனாவின் மகன். தகப்பன் இல்லாத பிள்ளை. பல்கலைக்கழகத்தில் படிக்கிறான், கம்பஸ் அணிக்கு விளையாடுகிறான். நடுவில் நிற்பான். பந்து காலுக்கு வந்தால், தலையைத் திருப்பாமலே எவன் எங்கே ஓடுகிறானோ அவன் காலடியில் கொண்டுபோய்ச் சேர்ப்பான். பார்க்க எனக்கே ஆசையாக இருக்கும். என் மகள் சுஹைராவுக்கு அவன்தான் என்று பெரியவர்கள் எப்போதோ பேசி முடித்துவிட்டார்கள். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் அது விருப்பம்தான்.

உங்கள் பக்கம் எப்படியோ, எங்களுக்குள் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். பெண்ணைப் பெற்றவன் வீடு கட்ட வேண்டும். நானும் கட்டினேன், என் வளவுக்குள்ளேயே. என் குசினிக் கதவைத் திறந்தால் எதிரே அவர்களுடைய குசினிக் கதவு. மனைவி மௌத்தான பிறகு எனக்கு இருப்பது அந்த மகள் ஒருத்திதான். சுவர் பூசி முடிக்கிற நேரம் பார்த்து, கம்பஸில் பந்து பழக்குகிற வாத்தியார், பற்றிக் சேர், வீடு தேடி வந்தார். ஊரில் பலரும் என்னை அண்ணன் முறை வைத்து நானா என்றுதான் கூப்பிடுவார்கள், அவரும் அப்படித்தான்.

"முத்தலிப் நானா, கொழும்பில பெரிய கிளப் ஒண்டு உங்கட மருமகனைக் கேக்குது. சம்பளம், தங்க இடம் எல்லாம் குடுப்பாங்கள். முதல் பதினொரு பேரிலயே வைக்கிற யோசினை."

"பிறகு?"

"பிறகு மாலைதீவுக் கிளப்புகள் இருக்கு. அங்கால எங்க போவான் எண்டு ஆருக்குத் தெரியும்?"

அதை அவர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்குத் தெரியும். போகிறவன் முதலில் ஒவ்வொரு பெருநாளுக்கும் வருவான். பிறகு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மட்டும் வருவான். பிறகு போனில் படம் வரும். நான் ஒருவரையும் சும்மா நம்புகிறவன் இல்லை, அது என் பழக்கம்.

இரத்தினசிங்கத்தின் தேநீர்க் கடையில் இதுதான் கதை. "நானா, மருமகன் போயிட்டா புது வீட்டை வெள்ளைக்காரருக்கு வாடகைக்கு விடுங்கோ. உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் நல்ல கிராக்கியாம்," என்றான் இரத்தினசிங்கம்.

"அப்ப மகள்?" என்று பக்கத்துக் கதிரையில் இருந்தவன் கேட்டான்.

"மகள் புருசனோட போவா. நானாதான் சமைக்கப் பழகவேணும்," என்றான் இரத்தினசிங்கம்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேறொரு கம்பஸோடு நடந்த ஆட்டத்தில் பஹ்மியின் கரண்டைக்கால் பிசகியது. அது என் வேலை இல்லை, அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மைதானத்திலிருந்து நேரே என்னிடம் தூக்கி வந்தார்கள். முறிவில்லை, வெறும் பிசகல். ஏழு நாளில் அவிழ்க்க வேண்டிய கட்டு. நான் இரண்டு மாதம், நோன்பு முடியும் வரை வைத்திருந்தேன். கட்டுக்குள் கிடக்கிற கால் மெலியும், விறைக்கும். அவன் கேட்டபோதெல்லாம் "பொறு" என்றேன். பொறுமை கெட்ட விஷயம் இல்லையே.

அவிழ்த்த பிறகு அவன் விளையாடின ஆட்டங்களைக் கிளப்காரர் வந்து பார்த்தார்கள். அவன் அனுப்பின பந்து ஆளுக்குப் பின்னால் போனது. முதல் பதினொரு பேரில் என்றவர்கள், மாற்று ஆளாக வைக்கலாம் என்றார்கள். பிறகு, பார்ப்போம் என்றார்கள். பிறகு பற்றிக் சேர் அழைத்தால் அவர்கள் போனுக்கு வருவதில்லை. கடையடியில் பொடியன்கள் அவனைக் கூப்பிட்டுக் கேட்பார்கள்: "என்னடா பஹ்மி, கொழும்புக் கார் இன்னும் வரேல்லையா? டயர் கியர் காத்துப் போயிட்டுதோ?" அவன் நேரே என் வீட்டுக்கு வந்து இருப்பான். நான் புட்டும் மீனும் எடுத்து வைப்பேன். அவன் மேல் எனக்குப் பாசம் கூடினது அந்த நாட்களில்தான். அதோடு எல்லாம் முடிந்திருந்தால் நான் இங்கே வந்திருக்க மாட்டேன்.

ஆனால் அவன் எனக்குச் சொல்லாமல் உப்புவெளி மணலில் ஓடிப் பழகியிருக்கிறான். கால் திரும்பி வந்துவிட்டது. பற்றிக் சேர் கொழும்புக்கே போய்க் கெஞ்சி, கடைசியாக ஒருமுறை பார்க்கிறோம் என்று சம்மதம் வாங்கி வந்தார். பயணத்துக்கு முதல் நாள் பின்னேரம் பஹ்மி வந்தான்.

"மாமா, கரண்டைக்கு ஒருக்கா எண்ணெய் போட்டு உருவி விடுங்கோ. இந்தமுறை விட்டா இனி இல்ல."

"பயமா?"

"உங்கட கை பட்டாப் பயமில்ல மாமா."

காலை என் மடியில் வைத்தான். எண்ணெயைச் சூடாக்கித் தடவினேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற சுஹைராவோடு அவன் இங்கிருந்தே கதைத்துக்கொண்டிருந்தான்.

"கொழும்புக்கு வந்தா பஸ்ஸில இடம் பிடிக்கத் தெரியுமா உனக்கு?"

"நான் ஏன் பிடிக்கோணும்? பெரிய ஆட்டக்காரன், நீங்க பாய்ஞ்சு பிடிங்க."

"அப்ப வருவாய்தானே?"

"வராம? உங்கட சோத்தை ஆர் ஆக்குற?"

அவளை நான் ஒருநாளும் அப்படிச் சிரிக்கக் கேட்டதில்லை. எலும்பை இருத்தத் தெரிந்த கைக்கு அதைக் கிளப்பவும் தெரியும், ஐயா. பெரிய பலம் தேவையில்லை. குதியை ஒரு கையால் பிடித்து, மற்றக் கையால் ஒரு திருப்பு.

சுஹைரா ஓடி வந்தாள். "வாப்பா, அது என்ன சத்தம்?"

"பழைய பிசகல் விட்டுப்போச்சு," என்றேன். அவன் மயங்கிக் கிடந்தான். அவனுக்கு நினைவு வருவதற்குள் கட்டிவிட்டேன். பிறகு அசனாவின் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள்.

இறுக்கித்தான் கட்டினேன். போனமுறை இளக்கமாக வைத்ததால்தானே கால் திரும்பி வந்தது. கொஞ்சம் நொண்டினால் போதும் என்பது என் எண்ணம். நொண்டுகிறவன் கடை வைப்பான், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பான், பொழுதுபட வீட்டுக்கு வருவான். எத்தனை பேர் அப்படிச் சீவிக்கிறார்கள்.

இரண்டாம் நாள் அசனா வந்தாள். அண்ணனை அவள் காக்கா என்றுதான் கூப்பிடுவாள். "காக்கா, விரலெல்லாம் கறுக்குது. பிள்ளை குளறுறான், பாக்க ஏலாது."

"பத்துச் சாறு இறங்கினா கறுக்கும். கை வைக்காத," என்றேன். அவள் தலையாட்டிக்கொண்டு போனாள்.

பற்றிக் சேர் அசனாவின் வீட்டுக்கு ஆட்டோ கொண்டுவந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவோம் என்று நின்றார். அசனா வாசலை மறித்துக்கொண்டாள். "காக்காட கட்டு சேர். அவர்தான் அவிழ்க்கோணும். ஆஸ்பத்திரியில வெட்டி எறிவாங்க, பிறகு என்ட பிள்ளைட எலும்பு பொருந்தாது." நான் அங்கேதான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். விரலைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. தட்டினேன், அவனுக்குத் தெரியவில்லை. அது சாறு இல்லை என்று எனக்குத் தெரியும். இளக்கியிருக்கலாம். இளக்கினால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள், எக்ஸ்ரே படம் பிடிப்பார்கள், இது திருப்பி முறித்த முறிவு என்று எவனாவது சொல்லுவான். என் பெயர் என்னாவது? "இன்னும் நாலு நாள் கிடக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அசர் தொழப் போனேன்.

சுஹைராதான் போய், அசனா துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் கட்டை வெட்டியிருக்கிறாள். அசனா அவள் கையைக் கடித்திருக்கிறாள், அப்படியும் விடவில்லையாம். ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நேரத்துக்குக் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டொக்டர் சொன்னாராம். இருக்கலாம். அவர் படித்தவர்.

ஆக எல்லாம் நான் செய்ததுதான். பிசகலை மாதக் கணக்கில் கட்டி வைத்ததும், திருப்பி முறித்ததும், விரல் செத்துப்போனதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்ததும். எழுதுங்கள், கைநாட்டு வைக்கிறேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை. மகளை வைத்துக் காப்பாற்ற ஒரு தகப்பன் செய்ததுதான் இது.

இனி நான் வந்த காரியம். சுஹைரா அசனாவின் வீட்டில் போய் இருக்கிறாள். ஊன்றுகோலோடு இருக்கிற அவனைத்தான் கலியாணம் முடிப்பாளாம். தகப்பன் சம்மதம் இல்லாமல் நிக்காஹ் செய்ய அனுமதி தரும்படி, எங்கள் கலியாண வழக்குகளைத் தீர்க்கிற காதியாரிடம் கேட்டிருக்கிறாள். நீங்கள் பொலிஸை அனுப்பி அவளைக் கூட்டிவந்து என்னிடம் தர வேண்டும். நீங்களும் பிள்ளை பெற்றவர், யோசித்துப் பாருங்கள். ஒற்றைக் காலோடு கிடக்கிறவனுக்கு எந்தத் தகப்பன் பெண் கொடுப்பான்? அவன் எப்படி உழைத்து அவளைப் பார்ப்பான்?

நான் வேறு இடம் பேசிவிட்டேன். நல்ல பொடியன், கத்தாரில் வேலை. கலியாணம் முடிந்த கையோடு அவளையும் அங்கே கூட்டிப்போவானாம். போகட்டும். நான் ஒருவரையும் தடுக்கிற ஆள் இல்லை.