விலாங்கின் தலை

முதலில் செய்தது விலாங்கா, முள்ளங்கியா என்று நீங்கள் கேட்டதும் நான் விலாங்கு என்று சொல்லிவிட்டேன். இப்போது யோசித்தால் அவ்வளவு நிச்சயமாக இல்லை. முள்ளங்கியாகவும் இருக்கலாம். சுறா, கத்தரிக்காய், அதிவேக ரயில், கருவாடு என்று இத்தனை வருடங்களில் எதையெல்லாமோ டையாகத் தைத்தாயிற்று, வரிசை குழம்பிப்போகிறது. மற்றதெல்லாம் நன்றாக நினைவிருக்கிறது. எழுதிக்கொள்ளுங்கள்.

ஹச்சியோஜியில் ஹனாவாவின் பட்டறையில் வடிவம் வரைவது, வெட்டுவது, தைப்பது எல்லாம் நான்தான். விற்பது ஹனாவா. என்னைவிடச் சின்னவர், "தோகியே அக்கா" என்றுதான் கூப்பிடுவார். நல்ல மனிதர். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பேச்சுவாக்கில் விட்டுப்போய்விடக் கூடாது.

மீன் வடிவத்தில் டை செய்வதை விளையாட்டு வேலை என்று நினைப்பார்கள். துணியை நேராக வெட்டினால் மீன் முறுக்கிக்கொள்ளும். மூலைவாட்டில் வெட்ட வேண்டும். நடுத்தையலில் ஒற்றை நூலைத் தளர்வாக ஓட்ட வேண்டும். அப்போதுதான் இழுத்தால் நெகிழ்ந்துகொடுக்கும், விட்டால் பழைய நிலைக்கு வரும். விலாங்கு டையில் முடிச்சுதான் தலை. முடிச்சு விழும்போது கண்கள் இரண்டு பக்கமும் வந்து உட்கார வேண்டுமென்றால் அவற்றை எங்கே தைப்பது? அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆயிற்று. இறுக்கிக் கட்டினால் விலாங்கு முறைக்கும். தளர்த்திக் கட்டினால் தூங்கி வழியும். காலையில் மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வந்தவனை அவன் விலாங்கைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

போன இலையுதிர்காலத்தில் ஹனாவா வந்து என் மேஜைமேல் சாய்ந்துகொண்டார்.

"அக்கா, இப்பத்திப் பசங்களுக்கு முடிச்சுப் போடவே தெரியல. கடையில பத்துப் பேரு ஆசையா எடுக்கிறான், ஒம்பது பேரு வெச்சுட்டுப் போயிடுறான். முடிச்சை நாமளே போட்டுத் தச்சிடுவோம். பிடரியில ஒட்டுப்பட்டை, செருப்புல வருமே, அது. தலைவழியா மாட்டிக்கிட்டு ஓடட்டும். எங்கயாவது சிக்கினாலும் பட்டுன்னு கழண்டுக்கும்."

"அப்ப முகம் மாறாதே."

"யாரு முகம்?"

"விலாங்கோட முகம்."

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சாயோ, இங்க வாயேன். அக்காவோட மீனுக்கு மனசு சரியில்லையாம்."

சாயோ அவர் மனைவி. அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். பிறகு உட்கார்ந்து ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்தேன். எல்லாம் ஒரே முகம்.

விற்றதென்னவோ உண்மை. ஹனாவா அதற்கென்று ஒரு காட்சியும் வைத்திருந்தார். கடைக்காரர்கள் வந்தால் துணி சுருட்டும் உருளை இயந்திரத்துக்கு அழைத்துப்போவார். டை கட்டியவர் யாரும் ஓடும் உருளைப் பக்கம் போகக் கூடாது என்று கதவிலேயே எழுதியிருக்கும். அதைச் சத்தமாகப் படித்துக்காட்டிவிட்டு, நேராகப் போய்க் குனிந்து விலாங்கின் வாலை உருளைக்குக் கொடுப்பார். உருளை இழுக்கும். அவர் கண்ணைப் பிதுக்கிக் கையைக் காலை உதறுவார். பட்டை கழன்று மீன் உள்ளே போய்விடும். "நழுவிடுச்சு பாருங்க!" என்பார். சுவிட்சில் நிற்பது என் வேலை. சிரிப்பு அடங்கிய பிறகுதான் நிறுத்த வேண்டும். முன்பே நிறுத்தினால் கோபித்துக்கொள்வார்: "என்னக்கா, காட்சியைக் கெடுத்துட்டியே." உருளை டையை மென்றுவிடும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று தைத்துக் கொடுப்பேன்.

இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஆண்டிறுதி விருந்தில்தான் மனசு மாறியது. குடித்துச் சூடேறியதும் ஆண்கள் டையைக் கழற்றித் தலையில் கட்டிக்கொண்டு ஆடுவார்கள், உங்கள் அலுவலகத்திலும் ஆடியிருப்பீர்கள். ஹனாவாவும் கழற்றினார். தலையைச் சுற்றப் பட்டை எட்டவில்லை. தைத்த முடிச்சு அவிழவும் இல்லை. கடைசியில் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு ஆடினார். மீன் செத்துத் தொங்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது முடிவு செய்தேன். நான் குடித்தது ஊலாங் டீ. போதையில் எடுத்த முடிவென்று எழுதிவிடாதீர்கள்.

புத்தாண்டு கழிந்து தோக்கியோவிலிருந்து இபுகி என்கிற கொள்முதல்காரர் தம் ஆட்களோடு வந்தார். அவருக்குப் பிடித்துப்போனால் வசந்தத்திலிருந்து எல்லா டையும் ஒட்டுப்பட்டைதான் என்று ஹனாவா சொல்லியிருந்தார். அன்றைய விலாங்கை நான் கொஞ்சம் அக்கறையாகத் தைத்தேன். ஒட்டுப்பட்டை வெளியே தெரிந்தது, உள்ளே பட்டுநூலை இரட்டையாக ஓட்டியிருந்தேன். தளர்வு விடவில்லை. முடிச்சை மட்டும் தைக்காமல் கட்டி விட்டிருந்தேன். அவர் தலைவழியாகத்தான் மாட்டுவார், பட்டையைத் தொட்டுப் பார்க்கிற பழக்கமில்லை.

"எப்படிக்கா இருக்கேன்?"

"அழகா இருக்கே."

கதவில் எழுதியிருந்ததைப் படித்துக்காட்டினார். குனிந்தார். வாலைக் கொடுத்தார். கண்ணைப் பிதுக்கினார், கையைக் காலை உதறினார். இபுகி விழுந்து விழுந்து சிரித்தார். "பிரமாதம், நிஜம் மாதிரியே இருக்கு!" தேநீர்த் தட்டோடு நின்ற சாயோகூடச் சிரித்தாள், அவள் எத்தனையோ முறை பார்த்ததுதான். முடிச்சு இறுகியது. விலாங்கின் முகம் மாறியது. மாதக்கணக்கில் ஒரே முகத்தைப் பார்த்து அலுத்த எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? ஹனாவா உருளையை உள்ளங்கையால் தட்டினார். காட்சியில் அப்படித் தட்டும் கட்டம் கிடையாது. எனக்கு அது தெரியும். சாயோவின் தட்டு விழுந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது.

சிரிப்பு அடங்கியது. நான் சுவிட்சை நிறுத்தினேன்.

விபத்து என்று நீங்கள் எழுதி வைத்திருந்ததை மாற்றச் சொல்லத்தான் இன்று நானாகக் காவல் நிலையத்துக்கு வந்தேன். தையல் பிசகியதாக அதில் இருக்கிறது. என் தையல் பிசகாது. நூலை ஓட்டியது நான். அது கழலாது என்று தெரிந்து ஓட்டினேன். தெரிந்தேதான் சுவிட்சருகே நின்றுகொண்டிருந்தேன்.

ஹனாவா அங்கேயே இறந்துபோனார். உருளையைப் பழைய இரும்புக்குப் போட்டாகிவிட்டது. இபுகி வேலையை விட்டுவிட்டு ஊரில் அப்பாவின் ஆரஞ்சுத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாராம். சாயோ பட்டறையைப் பூட்டிக்கொண்டு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள், யாரோடும் பேசுவதில்லை என்கிறார்கள். அவளுக்கு வெட்டவும் வராது, தைக்கவும் வராது. பட்டறையைத் திறக்க வசந்தத்துக்குள் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவாள், அதற்குள் இதை முடித்துவிட்டால் நன்றாக இருக்கும்.